உலங்கு வானூர்தி விற்பனையும் அரசாங்க அனுமதியும்

"இன்ன நட்பு நாட்டிற்கு இத்தனை போர் உலங்கு வானூர்திகளை விற்பதற்கு அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது" என்னும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வெளிவருவதுண்டு. ஹெலிகொப்டர் என நாம் வழக்கிற் கூறும் ஊர்தியே இது. செய்தி நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். ஊர்திகளின் தொகையும் அவற்றின் விலையுமே வாசிப்போர் மனத்தில் தங்கும். பொருள் விலைப்பட்டது, பணம் கைமாறிற்று, ஊர்திகள் கப்பலேறின என்று பலர் எண்ணிக்கொள்வர்.

உண்மை நிலை வேறு. அனுமதி கிடைத்தபின் பல ஆண்டுகள் சென்றே ஊர்தி வந்து சேரும். சில வேளைகளில் வராமலே போவதும் உண்டு. அவ்வாறாயின் இவ்வனுமதி என்பது யாது? அதனை யார், எந்தச் சட்டத்தின்படி, யாரைக் கேட்டு அளிக்கின்றனர்? அளித்த பின்னர் விற்ற நாட்டிற்கும் வாங்கிய நாட்டிற்கும் இடையே நிலைக்கும் தொடர்பு எத்தகையது? இவ்வினாக்களுக்குப் போலந்து, பிலிப்பைன்ஸ் என்னும் இரு நாடுகளின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டும் ஐக்கிய அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்ட நட்பு நாடுகள் என்பதை முதலிலேயே குறித்தல் வேண்டும்.

இருவகை வழிகள்

தேயிலையோ சீமெந்தோ விற்பவன், வாங்குவோன் அதனைக் கொண்டு யாது செய்வான் என ஆராய வேண்டுவதில்லை. போர்க்கருவி அத்தகைய பண்டம் அன்று. இன்று விற்ற கருவி நாளை யார் மீது திரும்பும் என்பது விற்றவனையும் தொடரும் வினாவாகும். ஆதலின் போர் ஊர்தி செய்யும் கம்பனி தன் விருப்பின்படி அதனைப் பிறநாட்டிற்கு விற்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

அங்கு வழிகள் இரண்டுள. முதலாவது, அரசாங்கம் அரசாங்கத்திற்கு விற்கும் முறை. வாங்க விரும்பும் நாடு அமெரிக்க அரசாங்கத்திற்கு வேண்டுகோட் கடிதம் எழுதும். அமெரிக்க அரசாங்கமே கம்பனியோடு ஒப்பந்தஞ் செய்து, ஊர்தியைப் பெற்று, அந்நாட்டிடம் ஒப்படைக்கும். இவ்வேலைக்காக வாங்கும் நாட்டிடமிருந்து நிருவாகக் கட்டணமும் பெறும். இரண்டாவது, வாங்கும் நாடு கம்பனியோடு நேரே பேரம் பேசும் முறை. அவ்வாறு பேசிய போதிலும், இராஜாங்கத் திணைக்களத்தின் ஏற்றுமதி உரிமம் இன்றி ஊர்தி நாட்டைவிட்டு வெளியேறாது. இருவகைக்கும் அடிப்படையாக உள்ளது 1976ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

நியாயமான தற்காப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு, ஐக்கிய நாடுகள் சபை முதலியவற்றின் கூட்டு முயற்சிகளிற் பங்குபற்றல் போன்ற நோக்கங்களுக்கே ஆயுதம் விற்கலாம் என அச்சட்டம் வரையறுக்கின்றது. வாங்கிய நாடு அமெரிக்காவின் சம்மதமின்றி அக்கருவியை மூன்றாம் நாடொன்றிற்குக் கைமாற்றலும் ஆகாது.

சட்டம் தோன்றிய வரலாறு

இச்சட்டம் தோன்றிய காரணத்தை அறிந்தாலன்றி அதன் பொருள் விளங்காது. 1972இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன், அணுவாயுதம் நீங்கலாக வேண்டிய போர்க்கருவிகளை வாங்கிக்கொள்வதற்கு ஈரானிய மன்னர் ஷாவுக்கு இணக்கம் தெரிவித்தார். அடுத்த ஆண்டில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. எண்ணெய் வள நாடுகளிற் பெருகிய பணம் ஆயுதக் கொள்வனவிற் பாய்ந்தது. பெல் கம்பனியின் கோப்ரா வகைத் தாக்குதல் ஊர்திகளில் மட்டும் 202 ஈரானுக்கு விற்கப்பட்டன. இத்துணைப் பெரிய விற்பனைகளைப் பற்றிக் காங்கிரசுக்கு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்னும் நியதி அந்நாளில் இருக்கவில்லை.

விஸ்கொன்சின் மாநிலச் செனட்டர் கேலோர்ட் நெல்சன் முதலியோர் இக்குறையை எடுத்துக்காட்டினர். அவர்கள் முயற்சியால் 1974இல் ஒரு சட்டத்திருத்தம் நிறைவேறிற்று. பெரிய விற்பனைகளைக் காங்கிரசுக்கு முன்கூட்டியே அறிவித்தல் கட்டாயம் ஆயிற்று. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அந்நியதியை விரிவாக்கி நிலைபெறச் செய்தது.

ஈரானுக்கு விற்ற கோப்ரா ஊர்திகளின் பிற்காலம் ஒரு பாடமாகும். 1979இல் ஷா நாட்டைவிட்டு நீங்கினார். புரட்சி அரசாங்கம் தோன்றிற்று. நட்பு நாடு பகை நாடாயிற்று. அமெரிக்கா உதிரிப்பாகங்களை நிறுத்தியது. 1980இல் ஈராக்குடன் போர் மூண்டபோது, ஓர் ஊர்தியைக் கழற்றி அதன் பாகங்களை மற்றோர் ஊர்திக்குப் பூட்டிப் பறக்கவேண்டிய நிலை ஈரானிய விமானிகளுக்கு நேர்ந்தது. விற்ற ஊர்திகளை அமெரிக்காவால் மீட்க முடியவில்லை. வாங்கிய ஊர்திகளை ஈரானால் விருப்பம்போற் பறக்கவிடவும் முடியவில்லை. நட்பின் காலம் குறுகியதாகவும் ஊர்தியின் ஆயுள் நீண்டதாகவும் இருந்தால் விளைவது யாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

போலந்தின் கொள்வனவு

இனி, அனுமதி நடைபெறும் முறையைப் போலந்து நாட்டின் உதாரணத்திற் காண்போம். சோவியத் அணியில் நெடுங்காலம் இருந்த போலந்து, 1999இல் வட அத்திலாந்திக் ஒப்பந்த அமைப்பிற் சேர்ந்தது. பின்னரும் அதன் தாக்குதல் உலங்கு வானூர்திகள் சோவியத் நாட்டு எம்.ஐ.-24 வகையினவாகவே இருந்தன. 2022 பெப்ரவரியில் ரஷியப் படைகள் அயல்நாடாகிய உக்ரேனுட் புகுந்தன. அவ்வாண்டு செப்ரெம்பரில், போயிங் கம்பனியின் அப்பாச்சி வகைத் தாக்குதல் ஊர்திகள் 96 வாங்க விரும்புவதாகப் போலந்து அரசாங்கம் அறிவித்தது.

வேண்டுகோள் கிடைத்ததும் அமெரிக்கத் தரைப்படையின் உரிய பகுதியினரும், பாதுகாப்பு ஒத்துழைப்பு முகவரகமும், இராஜாங்கத் திணைக்களமும் அதனை ஆராய்ந்தன. இந்நாட்டிற்கு இக்கருவி எதற்கு, அதனைப் பேணுந் திறன் அதற்கு உண்டா, அதன் இரகசிய நுட்பங்கள் பிறர் கைப்படாமற் காக்கப்படுமா, அப்பிரதேசத்தின் படைச்சமநிலை குலையுமா என்பன இத்தகைய ஆராய்ச்சியில் எழும் வினாக்கள். இராஜாங்கத் திணைக்களம் இணங்கியதன் பின், 2023 ஓகஸ்ட் 21ஆந் திகதி அவ்விடயம் காங்கிரசுக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது. "அனுமதி அளித்தது" என நாளிதழ்கள் எழுதுவது இந்த அறிவித்தலையே ஆகும்.

அறிவித்தலை வாசித்தால், ஊர்தி மட்டும் விலைக்கு வரவில்லை என்பது புலனாகும். ஊர்திகள் 96, அவற்றுக்கான எஞ்சின்கள் 210. ஓர் ஊர்திக்கு இரண்டாக 192 பூட்டப்பட, மிகுதி 18 மேலதிகமாக வைத்திருத்தற்கு உரியன. ஹெல்பயர் ஏவுகணைகள் 1,844. இவற்றோடு வேறு ஏவுகணைகள், ராடர்கள், உதிரிப்பாகங்கள், விமானிகளுக்கும் திருத்துநர்களுக்கும் பயிற்சி, தொழில்நுட்ப உதவி ஆகியனவும் சேர்ந்து மதிப்பீடு 1,200 கோடி டொலராயிற்று. இத்தொகை உச்ச மதிப்பீடு என்பதை மறத்தல் ஆகாது. வாங்கும் நாடு அனைத்தையும் வாங்கினால் இவ்வளவாகலாம் என்பதே அதன் பொருள்.

பின்னர் நிகழ்ந்தது யாது? விலைமுன்வைப்பும் ஏற்பும் அடங்கிய கடிதத்திற் போலந்து கையொப்பமிட்டது 2024 ஓகஸ்ட் 13ஆந் திகதி. அறிவித்தலுக்கு ஏறக்குறைய ஓராண்டின் பின். தொகை ஏறத்தாழ 1,000 கோடி டொலர். புதிய ஊர்திகள் செய்து முடிவதற்கு ஆண்டுகள் செல்லுமாதலால், விமானிகளைப் பழக்கும் பொருட்டு அமெரிக்கத் தரைப்படையின் அப்பாச்சி ஊர்திகள் 8 குத்தகைக்குப் பெறப்பட்டன. அவற்றுள் முதலாவன 2025இற் போலந்து சேர்ந்தன. விருப்பம் தெரிவித்த நாளிலிருந்து பயிற்சிக்கான ஊர்தி வந்த நாள்வரை மூன்றாண்டுகள் அளவிற் சென்றன என்பது கருதத்தக்கது.

காங்கிரசின் கை

காங்கிரசுக்கு அறிவித்தல் என்று கூறினோம். அறிவித்த பின்னர் அச்சபை யாது செய்யலாம்? போலந்தைப் போன்ற வட அத்திலாந்திக் அமைப்பு நாடுகளுக்கும், ஜப்பான், அவுஸ்திரேலியா, தென்கொரியா, இஸ்ரேல், நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்குமான விற்பனைகளுக்கு 15 நாள்களும், ஏனைய நாடுகளுக்கானவற்றுக்கு 30 நாள்களும் காத்திருத்தல் வேண்டும் என்பது விதி. போலந்து விடயம் அறிவிக்கப்பட்ட 2023இல், அவ்வணியைச் சேர்ந்த நாடுகளுக்குப் பெரிய போர்க்கருவிகளின் விலை 2.5 கோடி டொலரைத் தொட்டால் அறிவித்தல் கட்டாயம். பிற நாடுகளுக்கு 1.4 கோடி டொலரே எல்லை. நட்பின் நெருக்கத்திற்கு ஏற்ப நாள்களும் எல்லைகளும் வேறுபடுதலைக் காண்க.

தொடக்கத்தில், இரு சபைகளும் மறுப்புத் தீர்மானம் நிறைவேற்றினால் ஜனாதிபதியின் கையொப்பம் இன்றியே விற்பனை தடைப்படும் என்பது சட்டம். 1983இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், ஜனாதிபதியிடம் அனுப்பாமல் இவ்வாறு நிறைவேற்று அலுவல்களைத் தடுக்கும் முறை அரசியலமைப்பிற்கு முரணானது எனத் தீர்த்தது. அதன்பின் மறுப்புத் தீர்மானமும் ஜனாதிபதிக்குச் செல்லவேண்டியதாயிற்று. அவர் அதனை நிராகரிக்கலாம். நிராகரித்ததை மீறுவதற்கு ஒவ்வொரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும்.

1986இல் சவூதி அரேபியாவிற்கு ஏவுகணை விற்பதை இரு சபைகளும் மறுத்தன. ஜனாதிபதி ரேகன் அம்மறுப்பை நிராகரித்தார். செனட் சபையில் 67 வாக்குகள் வேண்டியிருக்க 66 வாக்குகளே கிடைத்தன. ஒரு வாக்கினால் விற்பனை தப்பிற்று. 2019இல் ஜனாதிபதி டிரம்ப், அவசரநிலை என்னுஞ் சட்ட வழியைக் கைக்கொண்டு, சவூதி அரேபியா முதலிய நாடுகளுக்கு 800 கோடி டொலர் அளவான விற்பனைகளைக் காத்திருப்பின்றி நடத்த முற்பட்டார். காங்கிரஸ் நிறைவேற்றிய மூன்று மறுப்புத் தீர்மானங்களையும் அவர் நிராகரித்தார். மறுப்புத் தீர்மானம் ஒன்று இறுதிவரை வென்று ஒரு விற்பனையை நிறுத்தியதாக இதுவரை வரலாறு இல்லை.

ஆயினும் காங்கிரசின் கை வெறுங்கை அன்று. முறைப்படி அறிவிப்பதற்கு முன்னர் வெளிநாட்டு உறவுக்குரிய குழுக்களின் தலைவர்களுக்கு விடயத்தைக் காட்டி, அவர்தம் ஐயங்களைத் தீர்த்தல் வழக்கம். சட்டம் விதியாத இவ்வழக்கமே நடைமுறையில் வலிமை உடையது. ஈராக் நாடு 24 அப்பாச்சி ஊர்திகளை விலைக்கும், வேறு 6 ஊர்திகளைக் குத்தகைக்கும் கேட்டிருந்தது. அவை உள்நாட்டு மக்கள்மேற் பயன்படுத்தப்படலாம் என்னும் ஐயத்தினால் செனட் குழுத் தலைவர் அதனைப் பல மாதங்கள் நிறுத்தி வைத்தார். உறுதிமொழிகள் பெற்றபின், 2014 சனவரியில் அறிவித்தல் வெளிவந்தது. ஆனால் ஈராக் இறுதிவரை கையொப்பமிடவில்லை. ரஷியாவிடமிருந்து வாங்கிய ஊர்திகளையே அது பயன்படுத்தியது. தாமதம் ஒரு தடையாக அமையும் என்பதும், வாங்குவோனுக்கு வேறு கடையும் உண்டு என்பதும் இதனால் விளங்கும்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் அனுபவம்

விற்போர் பக்கத்திலிருந்து இதுவரை நோக்கினோம். வாங்குவோர் பக்கத்திலிருந்து நோக்குவதற்குப் பிலிப்பைன்ஸ் ஏற்ற நாடு. அது 1951 முதல் ஐக்கிய அமெரிக்காவுடன் பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கை உடையது. 2018 முதல் 2022 வரையான காலத்தில் அந்நாடு உலங்கு வானூர்தி தேடி ஐந்து நாடுகளின் வாயிலை அணுகிற்று.

முதல் வாயில் கனடா. 2018 பெப்ரவரியிற் பெல் 412 வகை ஊர்திகள் 16 வாங்கும் ஒப்பந்தம் வெளியாயிற்று. கனடாவில் அது பொதுப் பயன்பாட்டு ஊர்தியாகவே கருதப்பட்டது. ஆனால் பிலிப்பைன்ஸ் படை அதிகாரி ஒருவர், உள்நாட்டுக் கிளர்ச்சிக்காரருக்கு எதிரான நடவடிக்கைகளிலும் அவை பயன்படும் என்று கூறினார். அக்காலத்தில் ஜனாதிபதி துதர்த்தேயின் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையிற் பலர் கொல்லப்பட்டமை உலகெங்குங் கண்டிக்கப்பட்டிருந்தது. கனடா அரசாங்கம் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது. சில நாள்களுள் துதர்த்தே ஒப்பந்தத்தையே இரத்துச் செய்யுமாறு கட்டளையிட்டார்.

எம் நாட்டினருக்கு இவ்விடயம் ஏட்டளவில் நிற்பதன்று. அதே பெல் கம்பனியின் 212, 412 வகை ஊர்திகள் 1980களில் இலங்கை விமானப்படையின் சேவையில் இருந்தன. போக்குவரத்துக்கென ஆக்கப்பட்ட ஊர்திகளுக்கு இயந்திரத் துப்பாக்கிகளும் ரொக்கட்டுகளும் பொருத்தப்பட்டன. அவற்றின் ஒலி கேட்டதும் புத்தகத்தை விட்டெறிந்து பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள்ளும் இருப்பர். 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோது உணவும் மருந்துங் கொண்டு சென்றனவும் விமானப்படையின் உலங்கு வானூர்திகளே. "இது போக்குவரத்து ஊர்தி" என்று பத்திரத்தில் எழுதிவிடுவதால் அதன் பிற்காலத் தொழில் நிச்சயமாகிவிடாது. கனடாவில் எழுந்த வினா, பத்திரத்தில் எழுதிய பெயரை விட்டு உண்மையான பயனை ஆராய முற்பட்ட வினாவாகும்.

பிலிப்பைன்சுக்கு இரண்டாம் வாயில் போலந்து. அமெரிக்க சிகோர்ஸ்கி கம்பனிக்கு உரிய தொழிற்சாலை ஒன்று அந்நாட்டின் மியெலெற்ஸ் நகரில் உண்டு. அங்கு பொருத்தப்படும் பிளாக் ஹோக் வகை ஊர்திகள் 16 வாங்குவதற்கு 2019இல் ஒப்பந்தமாயிற்று. முதல் ஊர்திகள் 2020இல் வந்தன. 2022இல் மேலும் 32 ஊர்திகளுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. இவ்வழி தடையின்றி நிறைவேறிற்று.

மூன்றாம் வாயில் ஐக்கிய அமெரிக்கா. 2020 ஏப்ரில் 30ஆந் திகதி வெளிவந்த அறிவித்தல்கள் வியப்பிற்குரியன. ஆறு அப்பாச்சி ஊர்திகளுக்கு 150 கோடி டொலர் மதிப்பீட்டில் ஓர் அனுமதி; ஆறு வைப்பர் வகைத் தாக்குதல் ஊர்திகளுக்கு 45 கோடி டொலர் மதிப்பீட்டில் மற்றோர் அனுமதி. இரண்டும் ஒரே நாளில், ஒரே நாட்டிற்கு. வாங்குவோர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம் என்பது கருத்து. பிலிப்பைன்ஸ் இரண்டையும் வாங்கவில்லை. அனுமதிச் செய்தியை விற்பனைச் செய்தியாகக் கொள்ளல் எத்துணைத் தவறு என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நான்காம் வாயில் துருக்கி. அங்கு செய்யப்படும் ரி-129 என்னும் தாக்குதல் ஊர்திகள் ஆறு வாங்கப் பிலிப்பைன்ஸ் முடிவு செய்தது. ஆயின் அவ்வூர்தியின் எஞ்சின், அமெரிக்க ஹனிவெல் கம்பனியும் றோல்ஸ் றோய்ஸ் கம்பனியும் கூட்டாக அமைத்த நிறுவனத்தின் ஆக்கம். ஆகவே துருக்கி விற்பதற்கும் அமெரிக்காவின் உரிமம் தேவைப்பட்டது. பிலிப்பைன்சுக்கு அவ்வுரிமம் 2021இற் கிடைத்தது. 2022இல் முதலிரண்டு ஊர்திகள் வந்து சேர்ந்தன. பாகிஸ்தானோ அதே ஊர்திகளில் 30 வாங்குவதற்கு 2018இலேயே துருக்கியோடு ஒப்பந்தஞ் செய்திருந்தது. எஞ்சினுக்கு அமெரிக்க உரிமம் கிடையாமையால் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. பாகிஸ்தான் பின்னர் சீனாவை நாடிற்று. ஊர்தியின் உடல் எந்நாட்டதாயினும் அதன் இருதயம் எந்நாட்டதோ அந்நாட்டின் சம்மதமும் வேண்டும்.

ஐந்தாம் வாயில் ரஷியா. 2021 நவம்பரில் எம்.ஐ.-17 வகைப் போக்குவரத்து ஊர்திகள் 16 வாங்குவதற்குப் பிலிப்பைன்ஸ் ஒப்பந்தம் செய்து, முன்பணமுங் கொடுத்தது. 2022இல் உக்ரேன் போர் தொடங்கிற்று. ரஷிய ஆயுதம் வாங்குவோர்மேற் பொருளாதாரத் தடை விதிப்பதற்கு 2017ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று இடமளித்திருந்தது. அத்தடைக்கு அஞ்சிப் பிலிப்பைன்ஸ் அவ்வாண்டிலேயே ஒப்பந்தத்தைக் கைவிட்டது. அமெரிக்கா விற்காத ஊர்தியை வாங்குவதிலும் அமெரிக்காவின் விருப்பு வெறுப்பைக் கருதவேண்டியதாயிற்று.

அனுமதியின் உட்பொருள்

மேலே கூறியவற்றை ஒருங்குவைத்து நோக்கின், அரசாங்க அனுமதி என்பதன் உட்பொருள் தெளிவாகும். அஃது ஒரு நாள் வியாபாரத்திற்கு இடும் கையொப்பம் அன்று. முப்பது நாற்பது ஆண்டுகள் நீடிக்கும் உறவொன்றிற்குத் திறக்கும் வாயில். உலங்கு வானூர்தியின் சுழல் தகடுகளுக்கும் எஞ்சினின் பாகங்களுக்கும் இத்தனை பறப்பு மணித்தியாலம் என ஆயுள் வரையறை உண்டு. அவ்வரையறை முடிந்ததும் பாகத்தை மாற்றல் வேண்டும். பாகம் வேண்டின் விற்றவனிடமே செல்லல் வேண்டும். யானையை விற்றவன் அங்குசத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டாற் போன்றது இது. வாங்கிய நாட்டிற்கு வலிமை வருகின்றது. அதனோடு கட்டும் வருகின்றது.

இக்கட்டு முழுதும் தீமை என்று கொள்ளல் ஆகாது. அயல்நாட்டுப் படையெடுப்பிற்கு அஞ்சும் போலந்து போன்ற நாட்டிற்கு அது துணை நிற்போன் ஒருவன் உளன் என்னும் உறுதி. கருவியைத் தன் குடிகள்மேல் ஏவக்கூடிய ஆட்சி ஒன்றிற்கு அதே கட்டு ஒரு கடிவாளமாகலாம். ஆயினும் கடிவாளம் கையில் இருத்தல் வேறு. அதனை இழுத்தல் வேறு. விற்ற நாட்டின் நலனுக்கு ஊறு நேர்ந்தபோது உதிரிப்பாகம் நின்றதை ஈரானிற் கண்டோம். வாங்கிய நாட்டின் ஏழைக் குடிகளுக்கு ஊறு நேர்ந்தபோதும் அவ்வாறே நிற்குமா என்பதற்கு எந்தச் சட்டமும் உறுதி கூறவில்லை. சட்டம் வினாவை எழுப்புவதற்கு இடந்தருகிறது. விடையை மனிதரே அளிக்கின்றனர்.

ஆதலாலேதான் அனுமதி வழங்கும் வேளை முக்கியமானது. ஊர்தி இன்னும் கைமாறவில்லை. பணமும் முழுதாகக் கொடுக்கப்படவில்லை. நாட்டின் பிரதிநிதிகளும், பத்திரிகைகளும், பொதுமக்களும் எதற்காக, யாருக்காக என்று கேட்கக்கூடிய காலம் அதுவே. அறிவித்தல் பகிரங்கமாக வெளிவருவதனாலேயே நாமும் அதனை இங்கிருந்து வாசிக்கமுடிகின்றது. 1974இல் அச்சிறு திருத்தம் நிறைவேறியிராவிடின், இத்தகைய விற்பனைகளுட் பல கதவடைத்த அறைகளிலேயே முடிந்திருக்கும். தடுக்கும் ஆற்றல் குறைந்ததாயினும் அறியும் உரிமை சிறிதன்று.

திருக்குறளின் அதிகார வைப்பை மாணவர் நினைவுகூர்வாராக. படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரு அதிகாரங்களை அடுத்து நட்பு என்னும் அதிகாரம் வருகின்றது. அதனை அடுத்து வருவது நட்பாராய்தல். படையைப் பற்றிப் பேசி முடிந்ததும் நட்பைப் பேசி, நட்புக் கொள்ளுமுன் ஆராயும் முறையையும் உடனே பேசும் அவ்வரிசை இவ்விடயத்திற்கு நன்கு பொருந்தும். நட்பு நாடு என்று பெயர் சூட்டியவுடன் ஆராய்ச்சி முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகின்றது.

இனி இத்தகைய செய்தியொன்று நாளிதழிற் கண்ணிற் பட்டால் மாணவர் நான்கு வினாக்களைத் தமக்குட் கேட்டுப் பார்ப்பாராக. இது காங்கிரசுக்குக் கொடுத்த அறிவித்தலா, கையொப்பமான ஒப்பந்தமா? கூறப்படும் தொகை உச்ச மதிப்பீடா, உண்மை விலையா? ஊர்தியின் உள்ளுறுப்புகள் எந்த நாட்டின் ஆக்கம்? அதனை வாங்கும் ஆட்சி தன் எல்லைக்கு வெளியே நோக்குகின்றதா, தன் குடிகளை நோக்குகின்றதா? முதல் மூன்று வினாக்களுக்கும் விடை பத்திரங்களிற் கிடைக்கும். நான்காவதற்கு விடை பல ஆண்டுகளின் பின், அவ்வூர்தியின் ஒலி எந்த ஊரின் மேற் கேட்கின்றதோ அந்த ஊராரிடமே கிடைக்கும். அவ்வூராருள் ஒருவராக இருந்து அறிந்தவர்கள் நாம். பிறநாட்டார்க்கு விற்கப்படும் ஊர்தியைப் பற்றிய செய்தியையும் நாம் கருத்தூன்றி வாசித்தற்கு அதுவே போதிய காரணமாகும்.